குடிகாரன் எழுதிய இரட்சிப்புப் பாட்டை நம்பலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர்களின் நற்செய்திப் பாடல்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆறு நாள் மதுக்கடையில் பாடிவிட்டு ஏழாம் நாள் மனந்திரும்பியவர்களாக வந்து நிற்கிறார்கள். ஹேங்க் வில்லியம்ஸ் தனக்கு ஒளி தெரிந்தது என்று எழுதினார். 29 வயதில் குடியும் மருந்துமாகச் செத்தார். எழுதியவனையே மீட்காத பாட்டு கேட்பவனை எப்படி மீட்கும்? இது விசுவாசமா, வியாபாரமா?

ஜனவரி 9, இரவு

ஹேங்கையே கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘ஐ சா த லைட்’ பிறந்ததாகச் சொல்லப்படும் கதை உங்கள் கட்சிக்குத்தான் சாதகம். 1947 தொடக்கம். அலபாமாவில் ஃபோர்ட் டெபாசிட் என்ற ஊரில் ஒரு நடன நிகழ்ச்சிக்கு வாசித்துவிட்டு மான்ட்கோமரிக்குத் திரும்புகிறார்கள். காரை ஓட்டுவது அம்மா லில்லி. மகன் போதையில் கிடக்கிறார். டேனலி விமான நிலையத்தின் விளக்கு தூரத்தில் தெரிந்ததும், வீடு நெருங்கிவிட்டது, வெளிச்சம் தெரிகிறது என்கிறார் அம்மா. அவ்வளவுதான். தமஸ்குவுக்குப் போன சவுலைக் கீழே தள்ளிய ஒளி எங்கே, விமான நிலையத்து விளக்கு எங்கே! மெட்டும் முழுக்கச் சொந்தச் சரக்கு இல்லை. ஆல்பர்ட் ப்ரம்லி எழுதிய ‘ஹீ செட் மீ ஃப்ரீ’ பாட்டுக்கு அது தம்பி முறை.

ஆனால் வியாபாரம் என்று சொல்வதுதான் இடிக்கிறது. 1947 ஏப்ரலில் பதிவுசெய்த பாட்டு 1948 செப்டம்பரில்தான் இசைத்தட்டாக வந்தது. அதற்குள் ராய் ஏகஃப் அதைப் பாடிப் பதிவுசெய்துவிட்டார். ஹேங்கின் தட்டு அப்போது பெரிதாக விற்கவும் இல்லை. காசு பார்த்ததெல்லாம் காதலி ஏமாற்றிய பாட்டுகளில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1950 முதல் அவர் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகச் சில உபதேசப் பதிவுகளைச் செய்தார். அவற்றில் அவர் பெயரே இல்லை. ‘லூக் த ட்ரிஃப்டர்’ என்று போட்டார்கள். மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் ஹேங்க் பெயரைப் பார்த்ததும் கேட்காமலே தட்டை வாங்கிவிடுவார்கள். குடிக்க வந்தவன் காசு போட்டதும் பிரசங்கம் ஓடினால் கடை என்ன ஆகும்? அதனால்தான் அந்தப் பெயர் மறைப்பு. வியாபாரம் பக்தியை ஒளித்து வைத்த இடம் இது.

ஜனவரி 10

பாட்டில் வருகிறவன் கற்பனைப் பாத்திரம், எழுதியவன் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த வகைப் பாட்டில் ‘நான்’ என்றால் நான்தான். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவன் பாத்திரம் ஏற்று நடிப்பதாகச் சொன்னால் அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிடுவார்கள்.

என் எண்ணம் வேறு. ஹேங்க் அந்த ஒளி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதவில்லை. போக ஆசைப்பட்ட இடத்தைப் போய்விட்டதாக எழுதிப் பார்த்தார். 51ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்கிறானே, சுத்த இருதயத்தைச் சிருஷ்டியும் என்று. கேட்கிறவனிடம் அது இன்னும் இல்லை என்றுதானே பொருள்?

ஜனவரி 10, சற்றுப் பிறகு

மின்னி பேர்ல் சொன்ன சம்பவத்தையும் சேர்த்துவிடுகிறேன், இல்லையென்றால் வேறு யாராவது என் தலையில் போடுவார்கள். அவர் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து ஒலிபரப்பாகும் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் நகைச்சுவை நடிகை. 1952இல் சான் டியாகோவில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஹேங்கின் போதை தெளியட்டும் என்று காரில் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சை மாற்ற, எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று ‘ஐ சா த லைட்’டையே எடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் பாடிய ஹேங்க் நிறுத்திவிட்டு, ஒளி ஒன்றும் இல்லை மின்னி என்றாராம்.

வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தரப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. எனக்கு என்னவோ இதைப் படித்த பிறகுதான் அந்தப் பாட்டின் மேல் மரியாதை கூடியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆப்ரி அவரை வெளியே அனுப்பியது. 1953 ஜனவரி 1 அன்று ஓஹாயோவின் கேன்டனில் நிகழ்ச்சி. போகும் வழியிலேயே காரின் பின் இருக்கையில் இறந்துபோனார். கேன்டன் மேடையில் அறிவித்தபோது, வழக்கமாக வராமலிருக்கச் சொல்லும் சாக்கு என்றுதான் கூட்டம் முதலில் நினைத்தது. மேடையில் இருந்தவர்கள் அந்தப் பாட்டை எடுத்தார்கள். பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது, கூடவே பாடினார்கள்.

ஜனவரி 11

‘ஜானி கேஷ் ஃபோல்சம் சிறையில் தண்டனை அனுபவித்தவர், அதனால் அவர் பாட்டு நிஜம்’ என்று கீழே ஒருவர். இல்லை ஐயா. கேஷ் ஃபோல்சமில் பாடப் போனவர். சில இரவுகள் லாக்கப்பில் இருந்திருக்கிறார்: 1965இல் எல் பாசோவில் கிட்டார் பெட்டிக்குள் மாத்திரைகளோடு பிடிபட்டார்; அதே ஆண்டு மிசிசிப்பியின் ஸ்டார்க்வில்லில் நள்ளிரவில் யார் தோட்டத்திலோ பூப்பறித்ததற்காக உள்ளே போட்டார்கள். சிறைத் தண்டனை என்று எதுவும் இல்லை.

சன் இசைத்தட்டுக் கம்பெனியின் சாம் ஃபிலிப்ஸ், நற்செய்திப் பாடல் விலைபோகாது என்று அவரைப் பாடவிடவில்லை. 1958இல் கேஷ் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். போன மறு ஆண்டே முழுக்கப் பக்திப் பாடல்களாக ஒரு ஆல்பம். வியாபாரக் கேள்விக்கு இதையும் கணக்கில் சேர்க்கவும்.

ஜனவரி 13

மெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜி, சி, டி. மூன்றே கார்டு, அதாவது கிட்டாரில் ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு. முதலில் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழு 1929இல் பதிவுசெய்த ‘ஐயாம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்’. கடலுக்கு அப்பால் போய்விட்ட காதலனை நினைத்து ஒரு பெண் ஏங்குகிறாள். இப்போது விரலை மாற்றாமல் வார்த்தையை மட்டும் மாற்றுங்கள்: ராய் ஏகஃப் 1936இல் பாடிய ‘த கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்’. எரேமியா 12ஆம் அதிகாரத்தில் வரும், மற்றப் பறவைகள் சூழ்ந்துகொண்டு தாக்கும் பலவருணப் பறவை. அதைச் சபையாக்கிப் பாட்டு செய்திருக்கிறார்கள். அதே மூன்று கார்டு. 1952இல் ஹேங்க் தாம்சனின் ‘த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’. வீட்டைவிட்டு மதுக்கடை வெளிச்சத்துக்குப் போன மனைவியைக் கணவன் திட்டுகிறான். இப்படிப்பட்ட பெண்களையும் கடவுள் படைத்தாரா என்கிறான். மறுபடியும் அதே மூன்று கார்டு. அதே 1952இல் கிட்டி வெல்ஸ் பதில் கொடுக்கிறார்: கடவுளை ஏன் இழுக்கிறாய், கல்யாணம் ஆன பிறகும் ஆகாதவனைப்போலத் திரியும் ஆண்கள்தான் காரணம்.

நான்கையும் அடுத்தடுத்துப் பாடினேன். ஏங்கும் பெண், துன்புறும் சபை, திட்டும் கணவன், திருப்பிக் கேட்கும் பெண். இடது கை எதையும் உணரவில்லை. பறவைப் பாட்டுக்கு மட்டும் டி கார்டில் சற்று நின்று போகத் தோன்றுகிறது. அது பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

நீங்கள் மதுக்கடைக்கும் சபைக்கும் நடுவே பெரிய சுவர் இருப்பதாக நினைத்துக் கேள்வி கேட்டீர்கள். எழுதியவர்களுக்கு அங்கே சுவரே இல்லை. சனிக்கிழமை ஆடியதும் ஞாயிற்றுக்கிழமை முழங்கால்படியிட்டதும் ஒரே ஊர்ச் சனம், ஒரே மூன்று கார்டு.

ஜனவரி 13, இரவு

திருட்டா என்று உடனே ஒரு கேள்வி. ப்ரம்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘ஐ’ல் ஃப்ளை அவே’ 1929இல் ஓக்லஹோமாவில் பருத்தி எடுக்கும்போது பிறந்தது, 1932இல் அச்சானது. சிறகு கிடைத்தால் சிறைச் சுவரைத் தாண்டிப் பறப்பேன் என்று ஒரு கைதி பாடும் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பருத்தி எடுத்தவர், சிறையை இந்த உலகமாக்கிவிட்டார். அந்த ப்ரம்லியிடமிருந்துதான் ஹேங்க் எடுத்தார். எல்லோரும் எல்லோரிடமும் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள். வட்டி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 16

லூவின் சகோதரர்கள். இந்த இழையில் நான் முதலிலேயே பேசியிருக்க வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.

ஐரா, சார்லி. அலபாமாவின் சாண்ட் மவுன்டன் பகுதியில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர்கள். ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற, வாத்தியமே இல்லாத சபைப் பாட்டு முறை சிறு வயதிலேயே காதில் ஊறியது. இரண்டு குரலும் சேரும்போது எது யாருடையது என்று பிரிக்க முடியாது. வரியின் நடுவிலேயே மேல் குரலும் கீழ்க் குரலும் இடம் மாறிக்கொள்ளும். 1959இல் ‘சாத்தான் நிஜம்’ என்ற பொருளில் ‘சேட்டன் இஸ் ரியல்’ ஆல்பம். அதன் அட்டையைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். கல்குவாரி ஒன்றில் டயர்களை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, பின்னால் பன்னிரண்டு அடி ஒட்டுப்பலகைச் சாத்தானை நிறுத்தி, முன்னால் அண்ணன் தம்பி இருவரும் வெள்ளை கோட்டு சூட்டில் கையை விரித்து நிற்கிறார்கள். அந்தச் சாத்தானை அறுத்துச் செய்து வண்ணம் பூசியது ஐராவே. நம் ஊர் கிறிஸ்துமஸ் நாடகத்து ஏரோதுக்குக்கூட இதைவிட நல்ல ஒப்பனை கிடைக்கும்.

தலைப்புப் பாட்டைப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும். நடுவில் இசை பின்வாங்க, பேச்சு வருகிறது: சபையில் போதகர் தேவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு கிழவர் எழுந்து, சாத்தானும் இருக்கிறான் என்று சொல்லுங்கள், என் வீட்டை அழித்தது அவன்தான் என்கிறார். அந்தப் பேச்சு ஐராவுடைய குரல். ஐராவுக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குடித்தால் மனுஷன் வேறு ஆள். சுதி நிற்காத மாண்டலினை மேடையிலேயே உடைப்பார். ஊழியத்துக்குப் போயிருக்க வேண்டியவன், போகாமல் ஓடியவன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது என்பதை சார்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1965 ஜூனில் மிசௌரியில் கார் விபத்தில் ஐரா இறந்தார். எதிரே வந்த வண்டியை ஓட்டியவன் குடித்திருந்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஐராவின் பேரிலேயே அப்போது ஒரு பிடி ஆணை நிலுவையில் இருந்தது.

கேள்வி கேட்டவருக்கு: ஐரா திருந்தியிருந்தால் அந்தக் கிழவரின் பேச்சை அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கரையேறியவன் வெள்ளத்தை வர்ணிப்பான். உள்ளே கிடப்பவன் கத்துவான்.

ஜனவரி 17

நேற்று எழுதியதை இன்று காலை படித்தேன். கடைசி இரண்டு வரி ஜோராகத்தான் இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

ஐராவின் மூன்றாவது மனைவி ஃபே அவரைத் துப்பாக்கியால் பலமுறை சுட்டார். ஏன் சுட்டார்? ஐரா தொலைபேசிக் கம்பியை அவர் கழுத்தில் போட்டு நெரித்ததால். ஐரா பிழைத்துக்கொண்டார். இந்தக் கதையை ரசிகர்கள் கண் விரித்துச் சொல்வார்கள், ஆஹா எப்பேர்ப்பட்ட வாழ்க்கை என்று. நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஃபேயின் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு இருந்தால் அதில் சாத்தான் யார்?

இந்த மீட்புப் பாடல்களில் எனக்கு இருக்கும் உண்மையான சங்கடம் இதுதான். அவன் திருந்தினானா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். பாவி, கர்த்தர். இரண்டே பேர். நடுவில் அடி வாங்கியவள் பாட்டுக்கு வெளியே நிற்கிறாள். கெட்ட குமாரன் திரும்பி வந்ததும் கொழுத்த கன்றை அடித்தார்கள், சரி. அவன் கூத்தடித்த தூரதேசத்தில் அவனால் கெட்டவர்கள் யாராவது உண்டா? லூக்கா சொல்லவில்லை. நாஷ்வில்லும் சொல்லவில்லை.

அதனால்தான் கிட்டி வெல்ஸை விடக்கூடாது என்கிறேன். மூன்று பிள்ளைகளின் தாய், அதுவரை தட்டு எதுவும் ஓடவில்லை, பாட்டுத் தொழிலையே விட்டுவிடும் யோசனையில் இருந்தவர். 125 டாலர் கூலிக்காகப் போய்ப் பாடினார். கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். என்பிசி வானொலி தடை போட்டது. மனைவியைத் திட்டிய பாட்டுக்குத் தடை இல்லை, பதிலுக்குத் தடை! நற்செய்திப் பாடல் என்று யாரும் இதை வகைப்படுத்த மாட்டார்கள். சபை மெட்டில் ஒரு பெண் எழுந்து நின்று, கணக்கைச் சரியாகப் போடுங்கள் என்கிறாள். என் பட்டியலில் இது நற்செய்திப் பாடல்தான்.

ஜனவரி 18

அருணகிரிநாதரை இங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வேறு, இவர்கள் வேறு. தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

ஜனவரி 21

கிளென் ஷெர்லி கதை கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்ல முடியாது, இருந்தாலும் முயல்கிறேன்.

1968 ஜனவரி 13, ஃபோல்சம் சிறை. அதற்கு முந்தின இரவு, கைதிகளிடையே ஊழியம் செய்துவந்த போதகர் ஒருவர் கேஷிடம் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்தார். ஆயுதக் கொள்ளைக்காக உள்ளே இருந்த ஷெர்லி எழுதிப் பாடிய ‘கிரேஸ்டோன் சேப்பல்’. சாம்பல் கல்லால் ஆன சிறைக்குள் ஒரு தேவாலயம் இருக்கிறது, உடம்பு பூட்டிக் கிடந்தாலும் ஆத்துமா அங்கே விடுதலை என்பது பாட்டின் சாரம். கேஷ் ராத்திரியோடு ராத்திரியாகக் கற்றுக்கொண்டார். மறுநாள் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு அதுதான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லிக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

1971இல் விடுதலை. வாசலுக்கே வந்து அழைத்துப்போனவர் கேஷ். தன் குழுவில் சேர்த்துக்கொண்டார், மேடையேற்றினார், திருந்தியவனுக்கு உதாரணமாக ஊரெல்லாம் காட்டினார். சில காலம் தாங்கியது. பிறகு குழுவில் ஒருவரை என்ன செய்ய விரும்புகிறேன் என்று ஷெர்லி அமைதியாக மிரட்டப்போக, கேஷ் அவரை அனுப்பிவிட வேண்டியதாயிற்று. கடைசியில் மாட்டுத்தீவனப் பண்ணை ஒன்றில் வேலை. 1978 மே மாதம் தன்னையே சுட்டுக்கொண்டார்.

மீட்புப் பாட்டு ஒருவனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது நிஜம். வெளியே வந்தவனுக்கு ஒவ்வோர் இரவும் அந்தப் பாட்டாகவே வாழவேண்டிய கட்டாயம். ஹேங்க் தன் பாட்டை வெறும் பாட்டாக விட்டுவிட்டு மதுக்கடைக்குப் போக முடிந்தது. ஷெர்லிக்கு அந்த வசதி இல்லை. பரோல், வேலை, மேடை எல்லாமே அந்தச் சாட்சியின் மேல்தான் நின்றன. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல வடிவம் ஒன்று உண்டு: பாட்டுக்கு ஏற்ப எழுதியவன் வாழவேண்டும் என்று நாம் கேட்பது நியாயமா? ஷெர்லியை நினைத்தால் எனக்கு இல்லை என்றே வருகிறது.

ஜனவரி 22

கனமாகிவிட்டது. கொஞ்சம் இளைப்பாறுவோம்.

எங்கள் ஊர் கன்வென்ஷன் கூட்டங்களில் ஒருவர் ஆண்டுதோறும் சாட்சி சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது அவர் ரட்சிக்கப்படுமுன் குடித்தது கால் பாட்டில். நான் கல்லூரிக்குப் போனபோது அது இரண்டு முழு பாட்டில் ஆகியிருந்தது. பிறகு கத்திக்குத்து ஒன்றும் சேர்ந்தது. அவர் பொய்யர் இல்லை, நல்ல மனுஷன், நிஜமாகவே குடியை விட்டவர். கேட்கிறவர்களின் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கதை தானாக வளர்ந்துவிட்டது.

கேஷின் நிக்காஜாக் குகைக் கதையும் அந்த ரகமோ என்று தோன்றுகிறது. 1967இல் மாத்திரைக்கு அடிமையாகி, சாகலாம் என்று டென்னசியின் அந்தக் குகைக்குள் தவழ்ந்து போனதாகவும், இருட்டில் தேவன் தன்னை விடவில்லை என்று உணர்ந்து காற்று வந்த திசையைப் பிடித்து வெளியே வந்ததாகவும் சொல்வார். அதே ஆண்டின் கடைசியில் நிக்காஜாக் அணை முடிந்து குகையின் ஒரு பகுதி தண்ணீரில் போயிற்று. தேதி ஒத்துவரவில்லை என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் அவர் மாத்திரை விழுங்கினார் என்பதும் தெரிந்ததே. குகை நடந்ததோ இல்லையோ, அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பது என் கணிப்பு.

ஜனவரி 27

கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் இல்லாமல் இந்தப் பேச்சு எப்படி முடியும் என்று கோபித்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். நியாயம்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர், பாட்டு எழுதும் ஆசையில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை கூட்டியவர். 1970களின் தொடக்கத்தில், இன்னொரு கன்ட்ரி பாடகரான ஹேங்க் ஸ்னோவின் மகன் ஜிம்மி ஸ்னோ போதகராக இருந்த இவாஞ்சல் டெம்பிள் சபைக்கு ஒரு நாள் போகிறார். லாரி கேட்லின் ஒரு பாட்டுப் பாடினார். பிறகு போதகர் அழைக்க, இதெல்லாம் தன்னைப்போன்ற ஆளுக்கு இல்லை என்றிருந்தவர் எழுந்து முன்னால் போய் அழுதுவிட்டார். அதிலிருந்து வந்தது ‘வை மீ’. 1973இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம்.

‘எனக்கு ஏன் இப்படி’ என்று அடிபட்டவன்தான் வழக்கமாகக் கேட்பான். இந்தப் பாட்டில் வாரி வாரிப் பெற்றவன் கேட்கிறான். ‘நான் எம்மாத்திரம், என் வீடும் எம்மாத்திரம்’ என்று தாவீது கேட்ட அதே தொனி. குரலோ சொல்லவே வேண்டாம், கரடுமுரடு. எங்கள் பாடகர் குழுவில் இதை நான் பாட நினைத்தபோது, இவ்வளவு சோர்ந்த பாட்டு ஆராதனைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கை தட்ட வசதியாக ஒன்று கொடுத்தார்கள். தட்டினேன்.

நான் இந்தப் பாட்டை மேலே வைப்பதற்குக் காரணம், அவன் திருந்திவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. தகுதியில்லாதவனுக்குக் கொடுத்துவிட்டீரே, இனி என்ன செய்வேன் என்று விழிக்கிறான். பாட்டு முடிந்த பிறகு அவன் மறுபடி குடித்தாலும் அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது.

ஜனவரி 27, பின்குறிப்பு

‘ஒன் டே அட் எ டைம்’ பாட்டிலும் அவர் பெயர் உண்டு, மேரிஜான் வில்கினுடன். குடியோடும் மனச்சோர்வோடும் போராடிய பெண் அவர். ‘லாங் பிளாக் வெய்ல்’ எழுதியவர்களில் ஒருவர். கிறிஸ்டி லேன் 1980இல் பாடி அதை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு மட்டும் தாங்கும் என்று கேட்கிறாள். குடியை விட முயன்ற எவருக்கும் அந்த ‘இன்றைக்கு மட்டும்’ தெரிந்த கணக்கு.

பிப்ரவரி 3

‘த்ரீ வுடன் கிராசஸ்’ ஏன் பட்டியலில் இல்லை என்கிறீர்கள். ராண்டி ட்ராவிஸ், 2002. விவசாயி, ஆசிரியை, விலைமகள், போதகர் நால்வரும் மெக்சிகோ போகும் இரவு பஸ்ஸில். லாரி மோதுகிறது. சாலையோரம் மூன்று சிலுவைதான், நான்காவது இல்லை. சாகும் போதகர் ரத்தம் தோய்ந்த வேதாகமத்தை விலைமகள் கையில் வைக்கிறார். கடைசியில் பார்த்தால், இந்தக் கதையைச் சபையில் சொல்லிக்கொண்டிருக்கும் போதகர் அவள் மகன்.

முதன்முறை கேட்டபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு கேட்கக் கேட்க ஆணி அடித்த சத்தம்தான் கேட்கிறது. எல்லாம் அளவெடுத்துச் செருகியது. அந்தப் பெண் எப்படித் திரும்பினாள் என்று ஒரு வரி இல்லை. ஒரு நொடியில் வேதாகமம் கைக்கு வருகிறது, அடுத்த நொடியில் மகன் போதகர். நடுவில் இருந்த அத்தனை ஆண்டுகளும் எங்கே போயின? நான் கேட்க விரும்பும் பாட்டு அந்த ஆண்டுகளைப் பற்றியது. ஆனால் ட்ராவிஸின் குரலில் எதுவும் நிற்கும் என்பதை ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். 2013இல் பக்கவாதம் வந்து பேச்சே போன மனிதர், 2016இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் சேர்த்த விழாவில் ‘அமேசிங் கிரேஸ்’ பாடினார். அந்தத் தடுமாறும் பதிவு ஒன்று போதும், மூன்று சிலுவையும் வேண்டாம்.

பிப்ரவரி 4

ஜிம் ரீவ்ஸ் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். தெற்கத்திக் கிறிஸ்தவ வீடுகளிலும் இலங்கையிலும் அவரை விட்டால் யார்? எங்கள் வீட்டு கேசட்டில் ‘வி தேங்க் தீ’ ஆல்பத்துப் பாட்டுகள் தேய்ந்து, இரண்டாம் பக்கப் பாட்டு முதல் பக்கத்தில் லேசாகக் கேட்கும். அப்பா அதையும் சேர்த்துத்தான் பாடுவார். ரீவ்ஸ் பாடினால் பாவமே செய்யாதவர் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். வெல்வெட். குறையாகச் சொல்லவில்லை, கிறிஸ்துமஸ் இரவுக்கு அதுதான் வேண்டும். ஐராவைப் போட்டால் பாட்டி எழுந்து போய்விடுவார்.

பிப்ரவரி 4, இரவு

ஒரு கடன் பாக்கி. கன்ட்ரி நற்செய்தி என்று வெள்ளைக்காரர்களை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். ரெட் ஃபோலி 1951இல் பாடிப் பெரும் விற்பனை கண்ட ‘பீஸ் இன் த வேலி’யை எழுதியவர் தாமஸ் டார்சி, சிகாகோவின் கறுப்பினச் சபையைச் சேர்ந்தவர், மஹேலியா ஜாக்சனுக்காக எழுதியது. அதற்குமுன் ப்ளூஸ் உலகில் ஜார்ஜியா டாம் என்ற பெயரில் கொச்சைப் பாட்டுகள் பாடிப் பேர் வாங்கியவர். 1932இல் செயின்ட் லூயிஸில் ஊழியத்தில் இருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்த செய்தி வந்தது. பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அதிலிருந்துதான் ‘டேக் மை ஹேண்ட், ப்ரெஷியஸ் லார்ட்’. கார்ட்டர் குடும்பத்துக்கு ஊர் ஊராகப் பாட்டு தேடியபோது ஏ.பி. கார்ட்டருடன் போய் மெட்டுகளை மனத்தில் ஏற்றிவந்தவரும் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்காரர்தான். ஹேங்கின் அடக்கத்தில் ஃபோலி பாடியதும் டார்சியின் அந்தப் பள்ளத்தாக்குப் பாட்டையே.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இன்னும் சம்மதமில்லை, ஆனால் ஜெல்லி ரோலின் ‘நீட் எ ஃபேவர்’ மட்டும் பிடித்திருக்கிறது என்கிறார். ஆச்சரியமில்லை. நாஷ்வில்லின் ஆன்டியாக்கில் வளர்ந்து, சிறைக்குப் பலமுறை போய்வந்த மனிதர். காரியம் ஆகவேண்டும் என்றால்தான் கடவுளிடம் பேசுவேன் என்று 2023இல் வெளிப்படையாகவே பாடினார். உங்கள் குற்றச்சாட்டையே அவர் பல்லவியாக்கிவிட்டார், பிடிக்காமல் எப்படி இருக்கும்?

எதிலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். லூக் த ட்ரிஃப்டர் பதிவுகளிலிருந்து. அடுத்து கிட்டி வெல்ஸ், பிறகு ‘வை மீ’. ‘சேட்டன் இஸ் ரியல்’ கடைசியாக, பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு. அந்தக் கிழவரின் பேச்சு வரும்போது என் மகள் ஒருமுறை அறைக்குள் வந்து, அப்பா யாரோ நம் வீட்டில் அழுகிறார்கள் என்றாள்.